ஷாக்குக்கு நைட்ரஜன் அடிக்கலாம், சிலிண்டர் மட்டும் வீட்டுக்கு வேண்டாம்



பத்தாம் வகுப்பு பழைய மாணவர்கள் குழு ஒன்றில் போன வாரம் பெரிய விவாதம் ஓடியது. ஜீப்பும் மலையேறும் பைக்கும் வைத்திருக்கிற ஆறேழு பேர் சேர்ந்து ஒரு நைட்ரஜன் சிலிண்டர் வாங்கப் போகிறார்களாம். அதை ஒருவன் வீட்டு முறுக்குக் கொட்டகையின் மூலையில் நிறுத்திக்கொண்டு, அவரவர் வண்டியின் ஷாக் அப்சார்பருக்கு அவரவரே கேஸ் அடித்துக்கொள்வதாகத் திட்டம். ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்கள். ஒருவன் வீடியோ போட்டான், இன்னொருவன் வால்வு படம் போட்டான், மூன்றாமவன் "பிசிக்ஸ் சார் இருக்காருல்ல, அவரையே கேட்டுடலாம்" என்று என்னை இழுத்துவிட்டான். ஓசூரில் இருக்கிற என் தங்கை பேரனும் இதே கேள்வியைத் தனியாக அனுப்பியிருக்கிறான். குழுவில் நாலு வரியில் சொன்னால் திட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாக்கைக் கழற்றுங்கள், துடையுங்கள், பாருங்கள், அளவெடுங்கள். அதெல்லாம் வீட்டு வாசலில் தாராளமாகச் செய்யலாம். கேஸ் ஏற்றுகிற ஒரு வேலையை மட்டும் சிலிண்டர் ஏற்கெனவே இருக்கிற பட்டறையில் போய்ச் செய்யுங்கள். சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். "வயசானவர், பயப்படுறார்" என்று நினைத்தால் கீழே உள்ள கணக்குகளை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த ஷாக்குக்குள் நைட்ரஜன் எதற்கு? வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். லாரியில் பட்டை, ஜீப்பில் பட்டையோ சுருளோ. பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய். அதில் சின்னச் சின்னத் துளை போட்ட பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிவிடுகிறது. கல் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் கை சுடுவது இதனால்தான். சுடுகிறதே என்று கவலைப்படாதீர்கள். நாலில் ஒன்று மட்டும் சுடாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும், அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

பிஸ்டன் வேகமாக நகரும்போது அதற்குப் பின்பக்கம் அழுத்தம் குறைந்து எண்ணெயில் குமிழி கிளம்பும். எண்ணெய் நுரைத்துவிட்டால் அது துளையில் சுலபமாக வழுக்கிப் போகும், தடை இருக்காது, வண்டி மாட்டு வண்டி மாதிரி குதிக்கும். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு அடைத்திருக்கிற வரைக்கும் உள்ளே குமிழியே தெரியாது. குண்டைத் தட்டி உள்ளே இறக்கின அடுத்த நொடி பொங்கும். அழுத்தம் இருக்கிற வரை குமிழி வராது என்பதுதான் விஷயம். அந்த அழுத்தத்தைக் கொடுக்கத்தான் எண்ணெய்க்கு ஒரு பக்கம், நடுவில் மிதக்கிற ஒரு பிஸ்டனைத் தடுப்பாக வைத்து, மறுபக்கம் நைட்ரஜனை அடைக்கிறார்கள். இப்படி ஒற்றைக் குழாய், மிதக்கும் பிஸ்டன், அதிக அழுத்த வாயு என்ற அமைப்பைப் பிரெஞ்சுப் பொறியாளர் த கார்போன் உருவாக்கினார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் அதை 1957-இல் மெர்சிடிஸ் கார்களுக்குச் செய்து கொடுத்தது. நம் ஊர்ப் பல்சரில் "நைட்ராக்ஸ்" என்று எழுதி ஷாக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிற டப்பாவும் இதே குடும்பம்தான்.

"காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்குதே சார், கம்ப்ரசர் காத்தையே அடிச்சா என்ன?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. மீதி 22 சதவீதத்தில்தான் தொல்லை. அதில் ஆக்சிஜன் இருக்கிறது, கூடவே ஈரமும் வரும். சூடான எண்ணெயும் ரப்பர் சீலும் இருக்கிற இடத்தில் ஆக்சிஜனுக்கு வேலை இல்லை. ஈரம் உள்ளே துருவை உண்டாக்கும், சூடேறும்போது ஆவியாகி அழுத்தத்தைக் கணக்கில் வராதபடி ஏற்றும். மற்றபடி நைட்ரஜனுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. உலர்ந்தது, யாரோடும் சேராதது, விலை குறைவானது, அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிக்கிற நைட்ரஜன் இதற்குப் போதாது. அந்த இயந்திரம் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து டயருக்கு வேண்டிய அழுத்தத்தில் கொடுப்பது. காருக்கு 30, 35 பவுண்டு, லாரிக்கு 110, 120 பவுண்டு. தனி டப்பா வைத்த ஷாக்குகளுக்குப் பெரும்பாலும் 150 முதல் 200 பவுண்டு வரை கேட்பார்கள், சிலவற்றுக்கு அதற்கும் மேலே. அதனால்தான் பையன்கள் சிலிண்டரைத் தேடிப் போகிறார்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு இது தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் பேசுகிற வண்டிகளில் பாதி ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலத்துக்கு வேலைக்குப் போய்விட்டு வருகிற வண்டி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் கொல்லிமலையின் 70 வளைவையும் தார் ரோட்டில் ஏறி இறங்கினால் பிரேக்குக்குத்தான் வேலை, ஷாக்குக்கு ஒன்றும் ஆகாது. எஸ்டேட் கல் ரோட்டிலும் ஆற்றுப் படுகையிலும் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் குழுவில் ரெண்டு மூன்று பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

"பின்பக்கம் தாழ்ந்து போச்சு, கேஸ் அடிச்சா தூக்கிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. தூக்காது. ஷாக்கின் ராடு 14 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். 200 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ. பெருக்கினால் 21, 22 கிலோ. அவ்வளவுதான் வாயு அந்த ராடை வெளியே தள்ளுகிற விசை. ஒன்றரை டன் ஜீப்பை அது எங்கே தூக்கும்? வண்டி தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள், பட்டைக்காரரிடம் போங்கள். தூக்குவதற்காக 300, 350 என்று ஏற்றினால் வண்டி உயராது, சீல்தான் போகும். அதேபோல ராடில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டிக் கறுத்திருந்தால் சீல் ஏற்கெனவே போய்விட்டது. அதற்குக் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

இனி நம் பாடத்துக்கு வருகிறேன், பாயில் விதி. வெப்பநிலை மாறாதபோது அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் ஒரே எண் வரும். பரீட்சைக்கு எழுதினீர்கள், இப்போது பயன்படுத்துங்கள். ஷாக் டப்பாவில் வாயு இருக்கிற இடம் ரொம்பச் சின்னது, 50 மில்லி என்று வைப்போம். ஒரு டீ கிளாஸ்கூட முழுசாக இல்லை. அதில் 200 பவுண்டு இருக்கிறது. நீங்கள் கேஜை மாட்டிப் பார்க்கிறீர்கள். கேஜும் அதன் குழாயும் சேர்ந்து 5 மில்லி இடம். கணக்குக்கு, கேஜ் காட்டுகிற அழுத்தத்தோடு வெளிக்காற்றின் 15 பவுண்டையும் கூட்ட வேண்டும் என்பது ஞாபகம் இருக்கிறதா? 215-ஐ 50-ஆல் பெருக்கினால் 10750. குழாயில் முன்பே இருந்த காற்றுக்கு 15-ஐ 5-ஆல் பெருக்கி 75. மொத்தம் 10825. இப்போது இடம் 55 மில்லி. வகுத்தால் 197, அதில் 15 கழித்தால் கேஜ் காட்டுவது 182.

அதாவது 200 சரியாக இருந்த ஷாக்கில் நீங்கள் அளந்து பார்த்ததாலேயே 18 பவுண்டு போய்விட்டது. கேஜைக் கழற்றும்போது "புஸ்" என்று இன்னும் கொஞ்சம் போகலாம். பையன் என்ன நினைப்பான்? "அடடா, லீக் ஆகுது." ரெண்டு நாள் கழித்து மறுபடி அளப்பான், இன்னும் குறைந்திருக்கும். உடனே சிலிண்டர் வாங்க வேண்டும் என்ற யோசனை வரும். உங்களில் எத்தனை பேர் ஷாக்கில் நிஜமாகவே கேஸ் குறைந்தது, எத்தனை பேர் ஷாக்கில் நீங்களே அளந்து அளந்து குறைத்தது என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. கார் டயரில் இந்தச் சிக்கல் தெரியாது, ஏனென்றால் டயருக்குள் பல லிட்டர் காற்று இருக்கிறது. குடத்திலிருந்து ஒரு கரண்டி எடுப்பதும் டம்ளரிலிருந்து ஒரு கரண்டி எடுப்பதும் ஒன்றா?

சூட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. காலை 30 டிகிரியில் 200 பவுண்டு ஏற்றினீர்கள். ஓடி ஓடி ஷாக் 100 டிகிரிக்கு வந்துவிட்டது. கெல்வினில் 303, 373. 215-ஐ 373-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 265. அதில் 15 போனால் 250. எண்ணெயும் விரிந்து வாயுவின் இடத்தை இன்னும் சுருக்கும், அதனால் உண்மையில் அதைவிடவும் கூடும். ஓடிவிட்டு வந்த சூட்டோடு அளந்து "அதிகமா இருக்கு" என்று கொஞ்சம் திறந்துவிடுகிறவன் மறுநாள் காலையில் குறைவான அழுத்தத்தோடு கிளம்புகிறான்.

இதுவரை சொன்னதில் பெரிய ஆபத்து இல்லை, வண்டி கொஞ்சம் குதிக்கும், பணம் போகும். இனிமேல் சொல்வது அப்படி அல்ல.

கேஸை முழுசாக இறக்காமல் டப்பாவின் மூடியைக் கழற்றப் போகிறவனுக்கு இது. உள்ளே மிதக்கிற பிஸ்டன் 46 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்தால் அதன் பரப்பு 16.6 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ வீதம் 230 கிலோவுக்கு மேல். 75 கிலோ மூட்டை மூன்றை அந்தச் சின்ன மூடி தாங்கிக்கொண்டிருக்கிறது. லாக் வளையத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது முகத்தை நேரே வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பது நம் பையன்களின் வழக்கம். மூடி கிளம்பினால் எந்தப் பக்கம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சில ஷாக்குகளில் வால்வே இருக்காது. அது கம்பெனியில் அடைத்து மூடினது, திறப்பதற்காகச் செய்ததில்லை. அதில் துளை போட்டு டயர் வால்வைப் பொருத்தி, சுற்றிலும் வெல்டிங் வைக்கலாம் என்று குழுவில் ஒரு வீடியோ வந்ததே, அதை எடுத்துவிடுங்கள். அழுத்தத்தில் இருக்கிற குழாயில் டிரில் வைப்பதும், எண்ணெய் இருக்கிற குழாயில் வெல்டிங் வைப்பதும் ஒரே வேலைக்குள் வருகிறது. அப்படியே பிழைத்து வந்தாலும் டிரில் சீவின இரும்புத் தூள் எண்ணெயில் மிதக்கும். அந்த ஷாக் தேய்ந்து போனால் புதுசு வாங்குங்கள். இந்த ஒரு இடத்தில் நான் சிக்கனத்தின் பக்கம் இல்லை.

இப்போது சிலிண்டர். 47 லிட்டர் சிலிண்டரில் 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பிக் கொடுப்பார்கள். நம் பவுண்டு கணக்கில் 2100-க்கு மேல். உங்கள் ஷாக்குக்கு வேண்டியது 200. நடுவில் இருக்கிற ரெகுலேட்டர்தான் இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. அது ஓட்டையானதாக இருந்தாலோ, திறக்கிற வரிசை மாறினாலோ, அந்த 50 மில்லி டப்பா கண் இமைக்கும் முன்னே பல மடங்கு அழுத்தத்துக்குப் போகும். டயர் வெடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். டயராவது ரப்பர், இது உலோகம்.

"நைட்ரஜன் எரியாத வாயுதானே சார், அதுல என்ன பயம்?" என்று கேட்டவனுக்கு ஒரு சம்பவம். 2022 அக்டோபரில் திருச்சி கடைவீதியில் பலூனுக்கு ஹீலியம் நிரப்புகிற சிலிண்டர் வெடித்தது. ஒருவர் இறந்துபோனார், பலர் காயமடைந்தார்கள். ஹீலியமும் எரியாத வாயுதான், நைட்ரஜனைப் போல யாரோடும் சேராதது.  உயிரை எடுத்தது நெருப்பு இல்லை, அடைத்து வைத்த அழுத்தம்.

முறுக்குக் கொட்டகையில் வைப்பதாகச் சொன்னீர்களே. வெளியூரில் ஆட்டையாம்பட்டி என்றாலே முறுக்கு என்கிறார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் கொட்டகையில் அடுப்பு காலையிலிருந்து எரியும், கொதிக்கிற எண்ணெய் இருக்கும், கை சுற்றுகிற பெண்கள் கீழே உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். சிலிண்டர் ஐம்பது அறுபது கிலோ எடையில் ஆளுயரம் நிற்கும். சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டாமல் நிறுத்தினால் ஒரு நாள் சாயும். சாயும்போது வால்வு உடைந்தால் ராக்கெட்டின் வேலையைத்தான் செய்யும், மூன்றாம் விதி பத்தாம் வகுப்பிலேயே படித்தோம். அடுப்புச் சூடு பட்டால் உள்ளே அழுத்தம் ஏறும் என்பதை இப்போதுதான் கணக்குப் போட்டோம். "அப்ப தறி ரூம்ல பூட்டி வச்சுடுறோம்" என்றால் அதற்கும் ஒரு கணக்கு. சிலிண்டரில் உள்ள வாயு வெளியே வந்தால் ஏழு கன மீட்டர். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள அறை 28 கன மீட்டர். ராத்திரி முழுக்கக் கசிந்து சேர்ந்தால் அறையில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 பக்கம் இறங்கும். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தில் வேலை செய்யக் கூடாது என்பது தொழிற்சாலைகளில் உள்ள வரம்பு. நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டுகிற உணர்வைக்கூடத் தராது. காலையில் கதவைத் திறந்து நேரே உள்ளே போகிறவருக்குத் தலை சுற்றும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுகிற விஷயம் வேறு. கொஞ்ச நாள் முன்பு ஒரு வெல்டிங் பட்டறையில் கேட் அடிக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் பைக்கில் வந்து ஷாக்குக்கு நைட்ரஜன் இருக்குதா என்று கேட்டான். அங்கே வேலை செய்தவர், "நைட்ரஜன் இல்ல தம்பி, ஆக்சிஜன் இருக்குது, அடிச்சுக்க, எல்லாம் காத்துதான்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் எழுந்து போய்த் தடுத்தேன்.

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அழுத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனும் எண்ணெயும் சேரவே கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எண்ணெயை நெருப்பு வைக்காமலேயே எரிய வைத்துவிடும். வெல்டிங் வேலையில் பழுத்தவர்கள் ஆக்சிஜன் ரெகுலேட்டரை எண்ணெய்க் கையோடு தொட மாட்டார்கள், அதன் மரைக்குக் கிரீஸ் போட மாட்டார்கள். ஷாக் என்பது எண்ணெயைச் சுமக்கிற குழாய். அதற்குள் ஆக்சிஜனை 200 பவுண்டில் ஏற்றி, கல் ரோட்டில் ஓட்டி, நூறு டிகிரிக்குச் சூடாக்குவது என்பது குண்டு செய்கிற வேலைதான், வேறு பெயர் அதற்கு இல்லை.

மரை மாறியிருக்குமே, மாட்டவே மாட்டாதே என்று நம்ப வேண்டாம். எரிகிற வாயுக்களுக்குத்தான் இடது மரை. ஆக்சிஜனும் நைட்ரஜனும் இரண்டுமே வலது மரை. நிறத்தைப் பாருங்கள். நம் நாட்டு முறைப்படி நைட்ரஜன் சிலிண்டரின் உடல் சாம்பல், கழுத்து கறுப்பு. தொழிற்சாலை ஆக்சிஜன் முழுக்கக் கறுப்பு, ஆஸ்பத்திரி ஆக்சிஜன் கறுப்பு உடலில் தோள் வெள்ளை. பழைய சிலிண்டரில் பெயின்ட் உதிர்ந்து சாம்பலும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு நாடே தவித்தபோது, நைட்ரஜனும் ஆர்கானும் ஏற்றுகிற டேங்கர்களையே ஆக்சிஜனுக்கு மாற்றச் சொன்னார்கள். நம் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கை போட்டது அப்போதுதான். அது உயிர் காத்த வேலை. நான் சொல்ல வருவது, பாத்திரம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்பது நடக்கக்கூடியதே. நிறத்தோடு லேபிளையும், நிரப்பிக் கொடுத்த கடையின் சீட்டையும், கழுத்தில் குத்தியிருக்கிற சோதனைத் தேதியையும் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும் என்பது விதி. கைமாறிக் கைமாறி வருகிற சிலிண்டரில் அந்தத் தேதி எப்போதோ முடிந்திருக்கும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஷோரூமில் கொடுத்தால் "ரிப்பேர் கிடையாது, செட்டாக மாத்துங்க" என்கிறார்கள். நல்ல ஷாக் வேலை செய்கிறவர்களுக்குக் கூரியரில் அனுப்பினால் பத்து நாள், பதினைந்து நாள். கையில் கருவி இருக்கிறது, மண்டையில் மூளை இருக்கிறது, நாமே செய்தால் என்ன என்ற துடிப்பு வருவதில் தப்பே இல்லை. சொல்லப்போனால் அந்தத் துடிப்பில்தான் இந்தப் பக்கமே பிழைத்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு இந்தியா முழுக்கப் போய் போர் போடுகிறவர்களும், வண்டி நின்ற இடத்திலேயே படுத்து ரிப்பேர் பார்த்துக் கற்றவர்கள். அதை விடச் சொல்லி எந்த வாத்தியாரும் சொல்ல மாட்டான்.

அதே ஆட்களிடம்தான் உங்களை அனுப்புகிறேன். கல் குவாரியில் பொக்லைன் முனையில் மாட்டிப் பாறை உடைக்கிற பிரேக்கரைப் பார்த்திருப்பீர்கள். அதன் தலைக்குள்ளும் நைட்ரஜன்தான் இருக்கிறது, ஷாக்கை விட அதிக அழுத்தத்திலும் இருக்கும். அது குறைந்தால் அடி விழாது. அதற்குக் கேஸ் ஏற்றுகிற ஹைட்ராலிக் பட்டறைகள் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் இருக்கின்றன. சரியான சிலிண்டர், ரெகுலேட்டர், கேஜ், குழாய் எல்லாம் அவர்களிடம் தினமும் புழங்குகிறது. தினமும் புழங்குவதுதான் முக்கியம். வருஷத்துக்கு இரண்டு தடவை தொடுகிற ரெகுலேட்டரை எவனும் சோதித்து வைக்க மாட்டான்.

பிரேக்கருக்கு ஏற்றுகிறவருக்கு உங்கள் ஷாக்கின் சின்ன வால்வு பழக்கமில்லாமல் இருக்கலாம். சிலதில் டயர் வால்வு மாதிரியே இருக்கும், சிலதில் ரப்பர் அடைப்பில் ஊசி குத்தி ஏற்ற வேண்டும். அந்த இணைப்பை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஷாக் கம்பெனி எத்தனை பவுண்டு என்று எழுதியிருக்கிறது, மிதக்கும் பிஸ்டன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும், ராடு முழுசாக நீண்டிருக்க வேண்டுமா என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிஸ்டன் தப்பான ஆழத்தில் நின்றால் எத்தனை சுத்தமான நைட்ரஜன் ஏற்றினாலும் ஷாக் பாதியிலேயே முட்டி நிற்கும், இதைப் பல வீடியோக்களில் சொல்வதே இல்லை. போன இடத்தில் சிலிண்டர் லேபிளை உங்கள் கண்ணால் படியுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் நேரே குழாய் மாட்டினால், "அண்ணே, இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லிவிட்டு ஷாக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஏற்றின பிறகு ஒருமுறைக்கு மேல் அளக்காதீர்கள். கேஜை மாட்டிக்கொண்டே ஏற்றினால் குழாயில் உள்ளதும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடும், கழற்றின பிறகு மறுபடி மாட்டினால்தான் அந்த 18 பவுண்டு போகும். கசிகிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும், டியூப் பஞ்சருக்குப் பார்ப்பது மாதிரியே.

வர்ற ஞாயிற்றுக்கிழமை சிலிண்டருக்குப் பணம் போடுவதாக இருக்கிறவர்கள் அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கேஜும் ஊசி இணைப்பும் பொதுவில் வாங்கிக்கொள்ளலாம், அது யார் வீட்டில் இருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சங்ககிரிப் பக்கம் எந்தப் பட்டறை என்று நாலு பேர் சேர்ந்து போய்ப் பார்ப்பதாக இருந்தால் நானும் வருகிறேன். பின்சீட்டில் உட்காருகிறேன், முட்டி வலி இருக்கிறது, ஷாக் நன்றாக இருக்கிற வண்டியாகப் பார்த்துக் கொண்டு வாருங்கள்.